பத்துப் பொருத்தமும் உள்ள எண்

தில்லியில் பத்து இலக்கங்களை வரிசையாக எழுதி வைத்தால் அது செல்போன் எண்தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்பதில் முனிர்காவில் என் அறைக்குச் சொந்தக்காரர் உறுதியாக இருந்தார். ஆராய்ச்சி மாணவியாக நான் குடியிருந்த அந்த மூன்றாவது மாடி அறையில் கட்டிலையும் மேசையையும் போட்டபின் நிற்க இடமிருக்காது. அதன் சுவரில் 3816547290 என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். தண்ணீர் மோட்டார் பற்றிப் பேச வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "யே கிஸ்கா நம்பர் ஹை?" என்றார். யாருடையதும் இல்லை என்றேன். தனியாக இருக்கும் பெண் ஓர் எண்ணைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு யாருடையதும் இல்லை என்று சொன்னால் எந்த வீட்டுக்காரர் நம்புவார்? என் கண்ணெதிரிலேயே டயல் செய்தார். அப்படி ஓர் எண்ணே இல்லை என்று ஒரு பெண்குரல் முதலில் இந்தியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எவனோ பொய் நம்பரைக் கொடுத்து இந்த மதராஸிப் பெண்ணை ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டியிருக்க வேண்டும். அந்த மாதம் முழுக்கத் தண்ணீர் ஒழுங்காக வந்தது.

எனக்குக் கோபம் அந்தப் பெண்குரலின் மேல்தான். அப்படி ஓர் எண்ணே இல்லையாம். இருக்கிற எண்களிலேயே இதைப் போல இன்னொன்று இல்லை என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

முந்நூற்று எண்பத்தோரு கோடியே அறுபத்தைந்து லட்சத்து நாற்பத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களும் இதில் உண்டு, ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை. இனி இடப்பக்கத்திலிருந்து வாருங்கள். முதல் இலக்கம் 3. அது ஒன்றால் வகுபடும். இதில் பெருமை ஒன்றும் இல்லை. முதல் இரண்டு இலக்கம் 38, இரண்டால் வகுபடும். முதல் மூன்று 381, மூன்றால் வகுபடும். 3816 நான்கால். 38165 ஐந்தால். இப்படியே ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துக்கொண்டு போனால் ஆறுக்கு ஆறு, ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு, கடைசியில் முழு எண்ணும் பத்தால். எங்கேயும் மீதி இல்லை. பந்தியில் ஒவ்வோர் ஆளாக வந்து உட்கார உட்கார, இருப்பதை எல்லாருக்கும் சமமாகப் பரிமாறிவிடுகிற மாதிரி.

இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது இப்படி ஓர் எண் இருக்க முடியுமா என்று எனக்கே ஒரு கேள்வி வந்து, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடினேன். பத்தால் வகுபட வேண்டும் என்பதால் பூஜ்யம் கடைசியில்தான். ஐந்தால் வகுபட ஐந்தாம் இடத்தில் 5 அல்லது பூஜ்யம் வேண்டும். பூஜ்யம் போய்விட்டது, ஆகவே 5. இரட்டைப்படை இடங்களில் இரட்டைப்படை இலக்கங்கள்தான் உட்கார முடியும். மூன்று, நான்கு, ஆறு, எட்டு ஆகியோரின் நிபந்தனைகளையும் சேர்த்தால் கூட்டம் மளமளவென்று குறைந்து பத்தே பத்து எண்கள் மிஞ்சின. பத்தும் ஏழின் வாசலில் போய் வரிசையில் நின்றன. ஏழு யாருக்கும் அடங்காத எண். இரண்டு, மூன்று, ஐந்துக்கெல்லாம் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஏழுக்குக் கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும். போட்டேன். ஒன்பது பேரை விரட்டிவிட்டு ஒருவரை மட்டும் உள்ளே விட்டது. விடுதி மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துபோன பிறகுதான் கண்டுபிடித்தேன் என்பதால் அன்று பட்டினி. ஆனால் அத்தனை சந்தோஷமாக நான் பட்டினி கிடந்ததே இல்லை.

அந்த எண்ணைச் சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது என்று என் தோழிகள் கிண்டல் செய்வார்கள். அது முழு உண்மை இல்லை. அந்த எண்ணால் கல்யாணம் நின்றுபோகவும் பார்த்தது.

முதலில் மாப்பிள்ளையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது தில்லி பஸ்ஸில் பெண்களுக்கு ரோஸ் நிறத்தில் ஓர் இலவச டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள். அதில் ஒரு நீள எண் இருக்கும். இலவசமாக ஓர் எண்ணைக் கையில் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா? அது எதால் எதால் வகுபடும் என்று பார்த்து, டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் கிறுக்கிக்கொண்டே வருவேன். ஒருநாள் பக்கத்து சீட்டில் இருந்தவர் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "லாட்டரி ஹை க்யா?" என்றார்.

"இதுகளுக்கெல்லாம் வேற வேலையே கிடையாது," என்று தமிழில் முணுமுணுத்தேன். தில்லியில் தமிழர்கள் எல்லாரும் செய்கிற தவறு அது. நம் பாஷை யாருக்கும் தெரியாது என்கிற தைரியம்.

"வேலைக்குத்தாங்க போய்ட்டு இருக்கேன்," என்றார் அவர். "லோதி ரோடு. செக்ஷன் ஆபீஸர்."

மானம் போனது. சமாளிப்பதற்காக, நான் கணக்கில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். அதில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். என் எண்ணைச் சொல்லாமல் புதிரை மட்டும் சொன்னேன். பத்து இலக்கங்கள், பத்து நிபந்தனைகள், அடுக்கிக் காட்டுங்கள். மத்திய அரசு அதிகாரி, இதோடு ஓடிவிடுவார் என்று நினைத்தேன். மறு வாரம் அதே பஸ்ஸில் சிரித்துக்கொண்டே ஏறினார்.

"கிடைச்சிருச்சு. ரொம்ப ஸிம்பிள். அப்படியே உல்ட்டாவா எண்ணணும். ஒம்பது எட்டு ஏழு ஆறு அஞ்சு நாலு மூணு ரெண்டு ஒண்ணு ஜீரோ. ஆபீஸ்ல உக்காந்து எல்லாம் செக் பண்ணிட்டேன். ஒம்பது பாஸ். ஏழு மட்டும் பெயில்."

எனக்கு ஆச்சரியம். 9876543210, ஏழின் வாசலில் திரும்பி அனுப்பப்பட்ட அந்த ஒன்பது பேரில் ஒருவர்தான். படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தோரணையாக வந்தும் ஏழிடம் பாச்சா பலிக்கவில்லை.

"ஏழுல பெயில்னா பெயில்தான்," என்றேன்.

"அஞ்சுதாங்க மீதி வருது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

கணக்கில் அட்ஜஸ்ட்மென்ட் கேட்ட முதல் மனிதர் அவர்தான். கோபப்படத்தான் நினைத்தேன், சிரித்துவிட்டேன். அதன்பின் எங்கள் இருவருக்கும் பஸ் தாமதமாக வந்தால் வருத்தம் இல்லாமல் போயிற்று.

அவர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கச் சொன்னால் பஸ் போர்டுபோல ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுவார். அப்பா இல்லை. அம்மா திருநெல்வேலிப் பக்கம். கணவர் இறந்தபின் அவருடைய அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் வேலை கிடைத்து, கணக்குப் பிரிவில் சம்பளப் பட்டியல் போட்டுப் போட்டே பிள்ளையை வளர்த்து ஓய்வு பெற்றவர். லக்ஷ்மிபாய் நகரில் அரசுக் குடியிருப்பில் இருவரும் இருந்தார்கள். என் வீட்டில் சொன்னேன், அவர் வீட்டில் சொன்னார். இரண்டு பக்கமும் விசாரித்ததில் நாங்கள் தூரத்து உறவே என்று ஆகிவிட்டது. அவருடைய அம்மாவின் அத்தை ஒருத்தியை எங்கள் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளிவந்து பஸ்ஸில் ஒருவரைப் பிடித்தால் அவரும் சொந்தக்காரராகவே இருந்தார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஜாதகத்தைப் பார்க்கும்வரை.

பார்த்தவர் தில்லியிலேயே இருக்கும் ஒரு ஜோசியர். பத்துப் பொருத்தத்தில் ஆறு தேறியது. ஆறே போதும் என்று கல்யாணம் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் தேறாத நான்கில் ஒன்று ரஜ்ஜு. தாலிப் பொருத்தம் என்பார்கள். அது இல்லையென்றால் கணவனின் ஆயுளுக்கு ஆபத்தாம். அவருடைய அம்மா ஜோசியர் வீட்டிலிருந்து வந்து, "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

"அம்மா இல்லாம ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம். ஆனா என்னால முடியாது," என்றார் இவர். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். என்னாலும் முடியாது. ஒரே பிள்ளையைத் தனியாளாக வளர்த்த ஒரு பெண், என்னைப் பார்க்கும் போதெல்லாம் தன் பிள்ளைக்கு நாள் குறிக்க வந்தவள் என்று பயந்தபடி இருக்கும் வீட்டில் நான் எப்படிச் சோறு தின்பேன்? அம்மா மனதார ஒத்துக்கொண்டால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். இந்த மனிதரை விட்டுவிட எனக்கு மனமில்லை. இல்லவே இல்லை. அதனால் நான் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

"என்ன பேசுவே?"

"கணக்குதான்."

"அரே, வேண்டாம். அம்மாகிட்ட கணக்கு மட்டும் பேசாதே. இருபது வருஷம் ஆடிட்காரங்களையே ஓட விட்டவங்க."

அந்த எச்சரிக்கையை நான் மதிக்கவில்லை. ஜோசியம் பார்ப்பவர்கள் எண்களைப் படுத்துகிற பாடு எனக்கு எப்போதும் எரிச்சல். எட்டாம் எண் ஆகாது, கூட்டுத்தொகை ஐந்து வந்தால் யோகம் என்று எத்தனை கதைகள். எட்டு என்ன பாவம் செய்தது? பத்துக்குப் பத்து என்றால் உண்மையில் என்ன என்று நான் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரப் பனிமூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் வெயில். தில்லியில் அப்படி ஒரு வெயில் வந்தால் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். குடியிருப்பின் முன்னாலிருந்த புல்தரையில் கட்டில், நாற்காலி, ரஜாய்ப் போர்வை, ஊறுகாய் ஜாடி எல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவருடைய அம்மாவும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனால் விருந்தாளியைத் துரத்துகிற பழக்கம் இல்லாதவர்.

"வா. உக்காரு. சும்மா இருக்காண்டாம், உரி," என்று பாதிப் பட்டாணியை என் பக்கம் தள்ளினார். பிள்ளை டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் பட்டாணி உரிந்தது. பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆன்ட்டி, உங்களுக்கு ஒரு நம்பரைக் காட்டவா?" என்றேன்.

"யாரு நம்பரு?"

"யார் நம்பரும் இல்ல. சும்மா ஒரு எண். பத்துப் பொருத்தமும் இருக்கிற எண்."

பொருத்தம் என்றதும் கை நின்றது. ஊரிலிருந்து வரவழைக்கிற நாள்காட்டியில் தினம் கிழிக்கும் தாளை அவர் வீசுவதில்லை; பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் என்பதால் கிளிப் போட்டு வைத்திருப்பார். அந்தக் கத்தையை எடுத்துவரச் சொல்லிப் பிள்ளைக்குக் குரல் கொடுத்தார். நான் எண்ணை எழுதி, விதியைச் சொன்னேன். கணக்குப் போட்டுக் காட்டச் செல்போனை எடுத்தேன். "அத உள்ள வையி," என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கையாலேயே வகுக்கத் தொடங்கினார். உதடு வாய்ப்பாட்டை முணுமுணுத்தது. மூன்றுக்கு, "சரி." நான்குக்கு, "ம்." ஆறுக்கு வந்தபோது, "அச்சா!" ஏழுக்கு ஒரு முழுத் தாள் செலவானது. 3816547, ஏழால் வகுத்தால் 545221. மீதி வரும் இடத்தில் ஒரு பெரிய பூஜ்யம் போட்டு அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். அப்போது அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். எட்டும் ஒன்பதும் ஆனபோது நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இத வச்சு என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய முடியாது ஆன்ட்டி. பாக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்."

"எங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு," என்று வாசலைப் பார்த்தார். டீ இன்னும் வந்தபாடில்லை.

இதுதான் சமயம் என்று என் வாதத்தை எடுத்து வைத்தேன். இந்தப் பத்து இலக்கங்களையும் மாற்றி மாற்றி அடுக்கினால் முப்பத்தாறு லட்சத்து இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு விதமாக அடுக்கலாம். அத்தனையிலும் பத்துப் பொருத்தமும் தேறுவது இந்த ஒன்றே ஒன்று. "பத்துக்குப் பத்து வேணும்னு உக்காந்தா முப்பத்தாறு லட்சம் பேரைப் பாக்கணும் ஆன்ட்டி. ஆறு தேறினாலே பெரிய விஷயம்." இதை நான் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நன்றாகவே சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கும் அவியளுக்கும் பத்தும் இருந்துச்சு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"பத்துக்குப் பத்து. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாவ. ஜோசியரு எங்க ஜாதகத்த வச்சுக்கிட்டு, இப்படி ஒரு சோடிய நான் பாத்ததே இல்லன்னாரு. நீ சொன்னியே, முப்பத்தாறு லட்சத்துல ஒண்ணுன்னு. அது நாங்கதான்." ஒரு பட்டாணியை உரித்துப் பாத்திரத்தில் போட்டார். "மத்தியானம் ஆபீஸுல டீ குடிச்சிட்டு இருந்தாவ. கப்ப கீழ வைக்கல. இவன் அப்ப நாலாங்கிளாஸு."

இன்னொரு பட்டாணியை எடுத்தார்.

"பத்தும் இருந்தே போயிட்டாவ. ஆற வச்சுக்கிட்டு நான் எந்த தைரியத்துல இவனக் கொடுக்கட்டும், நீயே சொல்லு."

பத்து இருந்தும் காப்பாற்றவில்லை என்றால் அதை நம்புவானேன் என்பது என் கணக்கு. பத்தே போதவில்லை என்றால் ஆறு எந்த மூலைக்கு என்பது அவர் கணக்கு. கணவனைப் பறிகொடுத்தவர் கணக்கு அப்படித்தான் இருக்கும். இது தெரியாமல் நான் இவ்வளவு தூரம் வந்து, இறந்துபோன மனிதரின் முன்னால் என் எண்ணைத் தூக்கிக் காட்டி ஆடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். மடியில் பட்டாணி இருந்ததால் முடியவில்லை.

அவர்தான் மறுபடி அந்தத் தாளை எடுத்தார்.

"பத்துக்கு அப்புறம் என்ன ஆவும்?"

"என்னது?"

"இதுக்கு அடுத்து ஒரு நம்பரு போட்டா பதினொண்ணுக்குச் சரியா வருமா?"

எத்தனையோ வருடமாக அந்த எண்ணை வைத்திருந்தும் இதை நான் கேட்டதே இல்லை. இலக்கம் பத்தும் தீர்ந்துவிட்டது, ஆட்டம் முடிந்தது என்று விட்டுவிட்டேன். "ஒரு தடவை வந்த இலக்கம் மறுபடி வரக்கூடாது ஆன்ட்டி, அதுதான் விதி," என்றேன்.

"அதெல்லாம் பாத்தா முடியுமா? வந்தது மறுபடியும் வரட்டும். போட்டுப் பாரு."

பதினொன்றுக்குக் கணக்குச் சுலபம். இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் போதும். 6 போட்டால் வந்தது. 38165472906, பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. "வருது ஆன்ட்டி!" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த சர்தார்ஜி திரும்பிப் பார்த்தார்.

"அடுத்தது போடு."

பன்னிரண்டுக்குப் பூஜ்யம் பொருந்தியது. அது மட்டும்தான் பொருந்தும், வேறு எதுவும் ஆகாது. பதின்மூன்றுக்கு நான் ஒரு தாளிலும் அவர் ஒரு தாளிலும் வகுத்தோம். எனக்கு 8 வந்தது. அவருக்கு 7 வந்தது. "எங்கேயோ தப்பு பண்ணிட்டீங்க," என்றேன். "நீ பண்ணியிருப்ப," என்றார். இருவரும் தாளை மாற்றிக்கொண்டு திருத்தினோம். நடுவில் அவர் ஓர் ஒன்றைக் கடன் வாங்க மறந்திருந்தார். "குளிரு," என்று காரணம் சொன்னார். 3816547290608, பதின்மூன்றால் வகுபட்டது. ஒரு கவலையும் இல்லாமல் அந்த எண் தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. பத்தோடு நின்றுவிடும் என்று நான் நினைத்திருந்ததற்கு மேல் மூன்று படி. டீ வந்து ஆறிப்போனது. கொண்டுவந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு வாசல் தூணில் சாய்ந்து நின்றார்.

பதினான்கில் சிக்கியது.

பதினான்கு என்றால் ஏழுக்கும் பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் பிடிக்க வேண்டும். ஏழுக்கு ஒத்துவருகிற இலக்கம் 5 ஒன்றுதான். அது ஒற்றைப்படை, இரண்டுக்கு ஆகாது. பூஜ்யத்திலிருந்து ஒன்பதுவரை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். பிறகு, எங்காவது தப்பு செய்திருப்போம் என்று முதலிலிருந்து சரிபார்த்தேன். எந்தத் தப்பும் இல்லை. பேனாவைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"வேற எதுவும் போட முடியாதா?" என்று கேட்டார். குரல் மெதுவாக இருந்தது.

"முடியாது ஆன்ட்டி. இதோட நின்னு போச்சு."

அவர் அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வெயில் நகர்ந்து எங்கள் காலடியில் நிழல் வந்திருந்தது.

"நின்னு போச்சேன்னு இனிமே உனக்கு இத பிடிக்காமப் போயிருமா?"

"ஏன் பிடிக்காமப் போகணும்?" எனக்குக் கோபம்கூட வந்தது. "எங்கயாவது ஓர் இடத்துல நிக்கத்தான் செய்யும். அதுக்காக அதுவரைக்கும் வந்தது இல்லைன்னு ஆயிருமா? வந்தது எவ்வளவு அழகா வந்துச்சு, பாத்தீங்கல்ல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"பாத்தேன்," என்றார். "இந்தப் பிள்ளைய நாலாங்கிளாஸு வரைக்கும் தோளுல தூக்கிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவாவ. நடக்கவே விடமாட்டாவ. நான் சத்தம் போடுவேன்." சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும் என்கிட்ட அதக் கேட்டதே இல்ல. போனதத்தான் கேப்பாவ."

பிறகு தூணருகில் நின்ற பிள்ளையிடம் திரும்பினார்.

"நாளைக்கு ஆபீஸுல இருந்து வாரப்ப ஜோசியர் வீட்டுக்குப் போயி ரெண்டு பேரு ஜாதகத்தையும் வாங்கிட்டு வந்துரு. அது அங்கன எதுக்கு?" என்னிடம் திரும்பி, "எனக்கு பயம் போகாது, சொல்லிட்டேன். பயந்துக்கிட்டேதான் இருப்பேன். இருந்துட்டுப் போறேன்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே சிந்திய பட்டாணித் தோலைப் பொறுக்குகிறமாதிரி குனிந்துகொண்டேன். அன்று மதியம் பட்டாணிப் புலாவ். உப்பு கொஞ்சம் கூடுதல், யாரும் சொல்லவில்லை.

கல்யாணம் ஆகி எங்களுக்குச் சில வருடங்கள் ஆகின்றன. மூவரும் அதே குடியிருப்பில்தான் இருக்கிறோம். ஆன்ட்டி இப்போது அத்தை. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார், பயந்துகொண்டேதான் இருக்கிறார். தில்லிப் பனிக்காலத்தில் அவர் பிள்ளைக்கு ஒரு தும்மல் போதும். அடுக்களையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். அதே நொடியில் படிக்கும் அறையிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்க்கும். இரண்டாவது தலை கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியது.